பரணில் குழறிய கூகை

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 3 ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் விவசாயி அவர். மாசிக் கடைசியில், சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து பூத்து நின்ற நேரம், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். ‘வீட்டுப் பின்கட்டுப் பரணில் கூகை அடைகிறது. ராத்திரி முழுக்கச் சத்தம். விரட்ட மருந்து ஏதும் உண்டா?’ எழுதினாரே தவிர, தபாலில் போடவில்லை. அட்டை பஞ்சாங்கத்துக்குள் கிடந்தது.

சத்தம் மட்டும் என்றால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவருடைய அம்மா மார்கழியில் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அந்தப் படுக்கை பின்கட்டை ஒட்டிய அறையில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் துணியைக் கிழிப்பது போல ‘கிறீ...ச்’ என்று ஒரு சத்தம். அதை அடுத்து, பாம்பு சீறுவது போல ‘உஸ்ஸ்ஸ்’ என்று விடாமல் இன்னொன்று. “கூகை குழறுதுடா. உங்க அப்பாரு போன வாரத்துலயும் இதே சத்தந்தான். என்னைக் கூப்பிட வந்திருக்கு” என்று சொல்லிவிட்டார் கிழவி. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் கஞ்சி, அதோடு சரி. எலும்பு கூடிவருகிறது என்று வைத்தியர் சொன்னார். ஆனால் சாப்பிடாத உடம்பில் எது கூடும்?

ஊரில் ஒருவர், 500 ரூபாய் கொடுத்தால் பரணில் புகை போட்டு வெளியே வருவதை அடித்துவிடுவதாகச் சொன்னார். சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தை, கூகைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அது இவருக்கும் தெரியாது, புகை போட வருபவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அம்மா பட்டினி கிடக்கும்போது சட்டமா கண்ணில் படும்?

வியாழக்கிழமை மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். பையில் இரண்டு நூலகப் புத்தகங்கள். ஒன்று சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1941-இல் முதன்முதலாக வெளியிட்டது, இன்றுவரை மறுபதிப்பு கண்டுவருகிறது. மற்றது க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’. இதைத் தமிழ்ப் பெயர் பார்க்க எடுத்திருந்தாள். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இன்னும் கைக்கு அடக்கமானது. அது அவளுக்குக் கிடைக்கவில்லை, யாரோ முன்பே எடுத்துப் போயிருந்தார்கள்.

“அப்பா, சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க. அது என்னன்னு பார்த்துட்டுப் பேசுவோம்” என்றாள்.

“என்னன்னுதான் தெரியுமே தாயி. கூகை.”

“கூகைதான். ஆனா ‘உஸ்ஸு’ன்னு சீறுறது எது?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. நல்ல பாம்பு என்று நினைத்துத்தான் ஒரு வாரமாகப் பின்கட்டுப் பக்கமே அவர் போகவில்லை.

அன்று ராத்திரி பின்கட்டு வாசலில் மகள் செல்போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் ‘மெர்லின்’ செயலி அதில் இருந்தது. பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நம் பகுதிக்கான தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். முதல் தடவை நாய் குரைத்ததில் அது ஏதோ பொருந்தாத பெயரைக் காட்டியது. செயலி சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. இரண்டாம் தடவை ‘கிறீ...ச்’ தெளிவாக விழுந்ததும் ‘பார்ன் அவுல்’ என்றது. தமிழில் வெண்கூகை. புத்தகத்தில் படத்தைப் பார்த்தால், நெஞ்சு வடிவத்தில் வெள்ளை முகம், கறுத்த கண்கள், பொன் நிறத்தில் முதுகு. மறுநாள் அந்தி மயங்கும் நேரம் மாட்டுத் தொழுவத்தில் மறைந்து நின்றபோது அதே முகம் ஓட்டுச் சந்திலிருந்து எட்டிப் பார்த்தது. சிறகடிக்கும் சத்தமே இல்லாமல் வயல் பக்கம் போயிற்று.

சீறலுக்கு வேறு இடத்தில் விடை கிடைத்தது. ‘சீனோ-கான்டோ’ என்று ஒரு பறவைக் குரல் களஞ்சியம் உண்டு. 2005-இல் நெதர்லாந்துக்காரர் இருவர் தொடங்கியது. உலகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் தாங்கள் பதிவு செய்த குரல்களை அதில் பொதுவுக்கு வைக்கிறார்கள். வெண்கூகைக் குஞ்சு இரை கேட்கும் சத்தத்தைத் தேடி எடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அச்சு அசல் அதே ‘உஸ்ஸ்ஸ்’. பரணில் பாம்பு இல்லை. பசித்த குஞ்சுகள்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஜன்னல் வழியே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, ஹெட்போனை அப்பாயி காதில் மாட்டினாள். கிழவி முதலில் உதறினார்.

“ராத்திரி கேட்டதையே பகல்லயும் கேக்கணுமாடி?”

“ஒரே ஒரு தடவை அப்பாயி. வேணாம்னா இங்க தொட்டா நின்னுடும். நீங்களே தொடுங்க.”

கேட்டார். தொட்டு நிறுத்தினார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி நிறுத்தினார். “இது நம்ம பரண்ல எடுத்ததா?” என்றார்.

“இல்ல அப்பாயி, இங்கிலாந்துல எடுத்தது.”

“அங்கயும் இப்படித்தான் கத்துதா?”

“இப்படியேதான்.”

கிழவி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “அப்ப அங்க யாரைக் கூப்பிடுதாம்?” என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

அறுபது எழுபது வருஷமாக இருட்டில், படுத்தபடி, வீட்டில் யாருக்கோ முடியாதபோது மட்டுமே காதில் விழுந்த குரல் அது. வெளிச்சத்தில், தன் விரலால் நிறுத்தவும் ஓட்டவும் முடிகிற மாதிரி அதை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. குஞ்சு பசிக்கு அழுகிறது என்று தெரிந்த பிறகு கேட்டதும் அன்றுதான். அன்று ராத்திரி பயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கஞ்சிக் கிண்ணம் காலியாயிற்று. “அதுங்க திங்குதுங்க, நான் திங்காம இருக்கணுமா?” என்று கேட்டதாக மருமகள் சொன்னார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் போகாத அந்தக் கிழவி முதல் நாளிலேயே ‘குழறுது’ என்றுதான் சொன்னார். ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும், காகம் கரையும் என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த மரபுச் சொற்கள் ஒரு வகையில் பதிவுகள்தான். சத்தத்தைப் பிடித்து வைக்கக் கருவி இல்லாத காலத்தில் சொல்லில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இது ஆந்தை இல்லை, கூகை என்று செயலி சொல்வதற்கு முன்பே அவர் காது சொல்லிவிட்டது. குஞ்சு சீறும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் போனது.

சனிக்கிழமை புகை போட வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பினார் விவசாயி. கூலி இல்லை என்றதும் அவருக்கு வருத்தம்தான். அதன் பிறகு, பாம்பு பயம் விலகியதால், பரணுக்குக் கீழே கூட்டப் போனார். தரையில் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். மகள் ஒரு குச்சியால் பழைய செய்தித்தாளில் வைத்துப் பிரித்தாள். ஓர் உருண்டையில் மூன்று எலி மண்டைகள். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். சம்பாவில் கதிர் கட்டிய நேரம் தஞ்சாவூர்க் கிட்டி வைக்க ஆள் கூப்பிட்டு, பிடித்த எலிக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணிக் கொடுத்தவர் அல்லவா? இங்கே எண்ணிக் கொடுக்க ஆளே இல்லை. உளுந்து வயலுக்கு வைக்க வாங்கியிருந்த புரோமடியலோன் வில்லைகளை எடுத்து உள்ளே பூட்டினார். அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற கூகைக்கும் குஞ்சுக்கும் அதே விஷம் போய்ச் சேரும். கிட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்தார்.

செல்போனில் பறவை பேசுகிறது என்ற செய்தி தெருவுக்குப் பரவியதும் பையன்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு மகள் ஒரு கதை சொன்னாள். 1889-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் லுத்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன், எடிசன் கண்டுபிடித்த மெழுகு உருளைக் கருவியில், கூண்டில் தான் வளர்த்த பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். பறவைக் குரல் பதிவுகளில் நமக்குத் தெரிந்தவரை அதுதான் முதலாவது. அந்தப் பறவை சோலைபாடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இருக்கிற இனம். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போன அந்தக் கோக், 1936-இல் இசைத்தட்டுகளும் சேர்ந்த ஒரு பறவைப் புத்தகத்தை வெளியிட்டார். படத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டையும் கேட்கலாம். முருங்கை மரத்தில் தினமும் விடியலில் பாடுகிற நம் குண்டுகரிச்சான், அந்தச் சோலைபாடிக்குச் சொந்தக்காரப் பறவை.

கதை கேட்டதன் பலன் வேறு மாதிரி ஆனது. ஒரு பையன் தன் போனில் குண்டுகரிச்சான் பாட்டை இறக்கி, முருங்கைக்கு அடியில் சத்தமாக ஓடவிட்டான். ஆண் பறவை பாய்ந்து வந்தது. போனுக்கு மேலேயே இறக்கையை விரித்து, வாலைத் தூக்கிக்கொண்டு கத்தியது. பையன்களுக்குக் கொண்டாட்டம். மறுநாளும் போட்டார்கள், அதற்கு மறுநாளும். பக்கத்துத் தென்னையின் பொந்தில் கூடு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பதிவு என்று பறவைக்குத் தெரியாது. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வந்து நிற்கும். நான்காம் நாள் பொந்து பக்கம் பறவைகள் போகவே இல்லை. உள்ளே முட்டை இருந்ததா, குஞ்சு இருந்ததா என்று யாரும் ஏறிப் பார்க்கவில்லை. விடியலில் பாட்டு நின்றுபோனதை முதலில் சொன்னவர் படுக்கையில் இருந்த கிழவிதான்.

மகள் அன்று யாரையும் திட்டவில்லை. தப்பு தன்னிடமும் இருக்கிறது, பாட்டைக் காட்டிக்கொடுத்தவள் தான்தானே என்று அப்பாவிடம் சொன்னாளாம். பிறகு பையன்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு விதி வைத்தாள். பறவைப் பாட்டைக் கேட்க வேண்டுமானால் வீட்டுக்குள்ளே, காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். வெளியே போனால் போன் கேட்கலாம், பாடக் கூடாது. 2015 முதல் பொங்கலை ஒட்டி நடக்கிற பறவைகள் கணக்கெடுப்புக்கு அடுத்த தையில் அவர்களையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் 30 பறவைகளைக் காதாலேயே அடையாளம் சொல்லப் பழக வேண்டும் என்பது நிபந்தனை.

பழக்குகிற வேலை இப்போது அப்பாயியுடையது. மாலையில் பையன்கள் படுக்கையைச் சுற்றி உட்காருவார்கள். போனில் ஒரு குரல் ஓடும், கிழவி பெயர் சொல்வார். செம்போத்து, கொண்டலாத்தி, மாம்பழக்குருவி, ஆள்காட்டி. சிலவற்றுக்கு அவர் சொல்லும் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவற்றை மகள் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைக்கிறாள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்பதால்தான் நோட்டு. சித்திரையில் கிழவி கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடந்தார்.

கூகைக் குஞ்சுகள் நான்கு. ஒன்று நடுவில் செத்துக் கீழே விழுந்தது. மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. வைகாசி நடுவில் பரண் அமைதியாயிற்று. குறுவைக்கு நாற்று விடுகிற நேரம், விவசாயி பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது பழைய அஞ்சலட்டை கையில் சிக்கியது. எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மிச்ச இடத்தில் பொடி எழுத்தாக எழுதினார். ‘வயலில் கூகை வந்து உட்கார ‘டி’ வடிவக் குச்சி நட வேண்டும். பயிருக்கு மேல் எவ்வளவு உயரம் வைக்கலாம்? கதிர் வரும் நேரத்தில் எடுத்துவிட வேண்டுமா, அப்படியே விடலாமா?’

அம்மாவிடம் படித்துக் காட்டினார்.

“பரணுக்குத் திரும்ப வருமான்னும் கேளு” என்றார் கிழவி. அட்டையில் இடம் இல்லை. முகவரிக்கு மேலே இருந்த கொஞ்சம் வெள்ளையில் அதையும் எழுதி, அன்றே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டார்.