காதுல என்ன சார் ஓடுது?

சென்னையில் முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் கேட்கலாம். சொந்த ஊர் கேட்கலாம். 'ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை?' என்றுகூடக் கேட்டுவிடலாம். 'காதுல என்ன பாட்டு ஓடுது?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆசாமி செல்போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்த ஆராய்ச்சிக்கு உகந்த இடம் பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்தான். 1931 மே 11-ல் ஓட ஆரம்பித்த தடம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மத்தியான வண்டியாகப் பார்த்து ஏறினேன். உட்கார இடமும் இருக்கும், பேச ஆளும் கிடைக்கும்.

முதல் பலி, எதிர் சீட்டில் டை கட்டிய இளைஞர். கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். குறைந்தபட்சம் ஒரு பைரவியாவது இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

"மேனேஜர் வாய்ஸ் மெசேஜ் சார். ஏழு நிமிஷம்" என்றார்.

பார்க் ஸ்டேஷன் வந்தது. வெளியே வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. அதைப் பார்த்தால் பலருக்குச் சொத்து வரி ஞாபகம் வரும். எனக்கு ரேடியோ. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சாயங்காலம் சுண்டலோடு போய் உட்கார்ந்தால் கச்சேரி இலவசம். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி சென்னையில் வரும்வரை இதுதான் ஏற்பாடு. ஊரே ஒரே பாட்டைக் கேட்ட காலம் அது. பிடிக்காதவருக்கும் வேறு வழியில்லை!

எழும்பூரில் ஒரு பெரியவர் ஏறினார். பட்டன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நாதஸ்வரம்.

"யார் சார் வாசிப்பு?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. தோடி!" என்றார், சொந்தச் சித்தப்பாவை அறிமுகப்படுத்துகிற பெருமையோடு. "அந்தக் காலத்து எழுபத்தெட்டு ஆர்.பி.எம். தட்டுல ஒரு பக்கம் மூணு, மூணரை நிமிஷம்தான். ராத்திரி பூரா வாசிக்கிற மனுஷனை அதுக்குள்ள அடைச்சான் பாருங்க. நீங்க என்ன கேக்கறீங்க?"

"இந்த மாசம் பூரா எம்.டி.ராமநாதன்."

1984-ல் மறைந்தவர். கீழ் சுருதி, அசாத்திய நிதானம். மாம்பலத்தில் ஆலாபனையை ஆரம்பித்தால் பல்லாவரத்தில்தான் பாட்டுக்குள் நுழைவார். ஆபீஸில் நாள் முழுக்க 'அர்ஜென்ட், அர்ஜென்ட்' என்று கேட்ட காதுக்கு அதைவிட மருந்து கிடையாது. பெரியவர் ஆமோதித்தார்.

கோடம்பாக்கத்தில் உணவு சப்ளை செய்யும் பையன் ஒருவன், பெரிய பையோடு வந்து உட்கார்ந்தான். வண்டி பஞ்சராம். கேட்டதும் அவன் காதிலிருந்து ஒன்றைக் கழற்றி, பேன்ட்டில் துடைத்து நீட்டினான். "கேளுங்கண்ணா, வியாசர்பாடி கானா. நம்ம ஏரியா பசங்க." காதைத் துளைத்துக்கொண்டு நேராகக் காலுக்கு இறங்கியது. கால் தானாகத் தாளம் போட்டது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. 1979-ல் சோனி கம்பெனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது தனியாகக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார், நிறுவனர்களில் ஒருவரான அகியோ மோரிட்டா. போகப் போக இரண்டாவது துளை காணாமல் போனது. மரியாதை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கிண்டியில் ஏறினார் அவர். பார்வையில்லாதவர். தோளில் ஸ்பீக்கர், கையில் மைக், முன்னால் வழிகாட்டி மனைவி. பழைய மெலடி ஒன்றை எடுத்து அருமையாகப் பாடினார். பெட்டியில் முக்கால்வாசிப் பேர் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவில் விழுந்தது நாலைந்து நாணயம்.

பக்கத்தில் இடம் கொடுத்துக் கேட்டேன். "அண்ணே, வீட்ல நீங்க என்ன பாட்டு கேப்பீங்க?"

"எனக்குத் தொழிலுக்குக் கேக்கறதுதான் தம்பி. ஒரு பாட்டை மூணு நாள் திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் மனசுல தங்கும். பழசு பாடினா பெரியவங்க குடுப்பாங்க. பசங்களுக்குப் புதுசு வேணும். எது ஓடுதுன்னு முன்னெல்லாம் டீக்கடையில நின்னா தெரிஞ்சுடும். இப்ப எல்லாம் அவங்கவங்க காதுக்குள்ள ஓடுது. எனக்கு எப்படித் தெரியும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "காதுல விழுந்தாத்தான் தம்பி கை பைக்குள்ள போகும்."

எனக்குப் பொழுதுபோக்காகத் தோன்றிய கேள்வி, அவருக்கு அரிசி, பருப்பு.

டெலிவரிப் பையன் எழுந்து வந்தான். "அண்ணே, இதான் இப்ப செம ஹிட்டு" என்று செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்தான். அவர் விரலால் சீட்டில் தாளம் போட்டுப் பார்த்தார். "இன்னொரு தரம் போடுப்பா." மீனம்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டை வரை அது நாலு தரம் ஓடியது. டை கட்டியவர்கூடக் காதைத் திறந்துகொண்டு, "சரணம் இன்னும் நல்லா இருக்கும்" என்றார். பெரியவர் மட்டும் தோடியை சிபாரிசு செய்து பார்த்தார், எடுபடவில்லை.

அடுத்த தடவை இந்தத் தடத்தில் போகிறவர்கள், அந்த ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் ஒரு காதையாவது கழற்றுங்கள். சில்லறை இல்லாவிட்டால் பரவாயில்லை, இந்த வாரம் நீங்கள் விடாமல் கேட்கும் பாட்டு எது என்று சொல்லுங்கள்.

சானடோரியத்தில் இறங்கும்போது அவர் அந்தப் புதுப் பாட்டை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். சுருதி லேசாக இறங்கித்தான் இருந்தது. அதனாலென்ன, மூணு நாள் இருக்கிறதே!