ஒரு மானிட்டர், ரெண்டு கம்ப்யூட்டர், கொஞ்சம் மங்கல்

ஒரே மானிட்டரை ரெண்டு கம்ப்யூட்டருக்கு வைத்து ஓட்டுவது நல்ல சிக்கனம்தான். ஆனால் எழுத்து மங்கினால் மிச்சம் பிடித்த காசு வேறு வழியில் போய்விடும். எப்படி என்கிறீர்களா?

நாமக்கல்லில் மாமாவின் லாரி ஆபீசில் பழைய கம்ப்யூட்டரில் டேலி கணக்கு, புதியதில் இ-வே பில். நடுவில் ஒரு கேவிஎம் சுவிட்ச் பெட்டி. பட்டனை அமுக்கினால் திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றும் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறிவிடும். எழுத்துதான் தெளிவில்லை. "கண்ணாடி போட்டுக்க மாப்ள" என்றார் மாமா. கோளாறு கண்ணில் இல்லை நண்பர்களே, கேபிளில்!

அது விஜிஏ பெட்டி. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த 15 பின் இணைப்பு. நிறங்கள் அதில் கூடிக் குறையும் மின்னழுத்தமாகப் போகின்றன. அன்றைய 640 × 480 படத்துக்கு விநாடிக்குச் சுமார் 2.5 கோடி புள்ளி வேகம் போதும். 1920 × 1080 படத்துக்கு 14.85 கோடி வேண்டும். இந்த வேகத்தில் மட்டமான கேபிள், இடையில் ஒரு பெட்டி எல்லாமே எழுத்தின் விளிம்பைத் தேய்க்கும், பக்கத்தில் நிழல் விழும்.

நாமக்கல் வடக்கு வண்டி டிஎன் 28, தெற்கு வண்டி டிஎன் 88. மங்கலில் ரெண்டும் ஒரே ஜாடை! இ-வே பில்லில் வண்டி எண் ஒன்றிரண்டு இலக்கம் மாறினால், 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டிலும் தலா 500 ரூபாய் அபராதம். அதற்கு மேல் மாறினால் சரக்கோடு வண்டியே நிற்க வேண்டி வரலாம்.

சரி, என்ன செய்யலாம்?

ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல் சங்கதி. தகவல் சேர்ந்தால் படம் அப்படியே வரும். சேராவிட்டால் மினுக்கும், இல்லை கருப்பாகும். நிழல், மங்கல் கிடையாது. அதனால் சுவிட்ச் வாங்குவதென்றால் ஹெச்டிஎம்ஐ சுவிட்ச் வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் மானிட்டரின் பின்பக்கம் பாருங்கள். விஜிஏ, ஹெச்டிஎம்ஐ ரெண்டு இணைப்பும் இருந்தால் பழைய கம்ப்யூட்டரை விஜிஏவில் நேராகவும், புதியதை ஹெச்டிஎம்ஐயிலும் செருகுங்கள். மானிட்டரின் இன்புட் பட்டனே சுவிட்ச்! கீபோர்டு, மவுசுக்கு மட்டும் ஒரு யுஎஸ்பி சுவிட்ச் போதும்.

இன்னொன்று. மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லத் தனிக் கம்பி உண்டு. சில மலிவுப் பெட்டிகள் அதை இணைப்பதில்லை. கம்ப்யூட்டரும் 1024 × 768 என்று ஏதோ ஒன்றை அனுப்ப, மானிட்டர் அதை இழுத்துக் காட்டும். எழுத்து ஊதிப் போகும். ரெசல்யூஷனை மானிட்டரின் சொந்த அளவுக்குக் கையால் மாற்றி வையுங்கள். விஜிஏ என்றால் மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட்டையும் ஒருமுறை அமுக்குங்கள்.

கண் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். செலவு குறைவு :-)