கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

உபாத்தியாயர்களுக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தை வீட்டுக்கும் சுமந்துகொண்டு வந்துவிடுவார்கள். சென்ற வெள்ளிக்கிழமை இரவு, அசோக் நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்பது கணக்கு நோட்டுகள் கோபுரமாக நின்றன. தவறுகளுக்குச் சிவப்பு மையைத் தாராளமாக வழங்கிக்கொண்டே வந்தவன், ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கண்டு திடுக்கிட்டேன். அங்கே என்னைப் பற்றி எட்டு வரியில் ஒரு பாட்டு! என் மூக்குக்கண்ணாடி நுனி மூக்கிற்கு இறங்கிவிடுவதும், கோபம் வந்தால் நான் சாக்பீஸை ஒடிப்பதும் அதில் சாங்கோபாங்கமாக வர்ணிக்கப்பட்டிருந்தன. எதுகை நன்றாக விழுந்திருந்தது. அதுவே என் கோபத்தை அதிகமாக்கிற்று. தாளைக் கிழித்துவிட்டேன்.

"குழந்தைதானே எழுதியிருக்கிறது? அதில் பொய் ஒன்றும் இல்லையே!" என்றாள் என் மனைவி.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் ஞாபகம் வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளில் 'கோகுலம்' பத்திரிகையின் ஆசிரியர் அவர். புதுக்கோட்டைச் சீமையில் உள்ள ராயவரத்தில் 1922-இல் பிறந்தவர். 13 வயதுப் பையனாக இருந்தபோது, சிநேகிதர்களுடன் கடியாபட்டிக்கு நடந்தே சினிமாப் பார்க்கப் போனாராம். அந்தப் பிரயாணத்தில் சினிமாவை வைத்தே ஒரு பாட்டுக் கட்டிவிட்டார். கூட வந்த பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள். அவருடைய கவிதை இப்படித்தான் ஆரம்பமாயிற்று. அந்த நடைப் பயணத்தில் என்னைப் போன்ற உபாத்தியாயர் ஒருவரும் துணைக்குப் போகாதது தமிழ்க் குழந்தைகளின் பாக்கியம் என்றே சொல்லவேண்டும்.

அவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். நான் பட்டம் பெற்றவன். இதைச் சொல்லிக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. 1940-இல் சென்னைக்கு வந்து, தம் ஊர்க்காரரான வை. கோவிந்தனின் 'சக்தி' காரியாலயத்தில் பணம் வாங்கி வைக்கும் வேலையில் அமர்ந்தார். அங்கே தி. ஜ. ர.வின் ஊக்கம் அவருக்குக் கிடைத்தது. பின்பு இந்தியன் வங்கியில் உத்தியோகம். பகலெல்லாம் ஊரார் பணத்தை எண்ணிய மனிதர், எஞ்சிய வேளையில் மாம்பழத்தையும் அணிலையும் பாடினார். 1944-இல் 'மலரும் உள்ளம்' வெளியாயிற்று. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் மறைந்தது 1989-இல். அவருடைய புதல்வி தேவி நாச்சியப்பனும் குழந்தைகளுக்காகவே எழுதி, 2019-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் பெற்றார். அந்த வீட்டில் குழந்தைப் பாட்டுக்கு எத்தகைய இடம் இருந்திருக்கும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

விடிந்ததும் குப்பைக் கூடையிலிருந்து அந்தத் தாளைத் தேடி எடுத்து, பசை தடவி ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டிற்று. திங்கட்கிழமை பையனைத் தனியே கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தவுடன் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சார், இனிமேல் எழுதவே மாட்டேன், சார்!" என்றான்.

இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. "அப்படிச் சொல்லாதே, தம்பி. ஆறாவது வரியில் மட்டும் சந்தம் கொஞ்சம் தட்டுகிறது. அதைச் சரிசெய்து எனக்குக் காட்டு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். இன்று வியாழக்கிழமை. இன்னும் கொண்டுவரவில்லை.