தாய்வழிச் சொத்து

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம்மவர் பழமொழி. நிறத்தையும் குரலையும் கண்டு பிறந்த இம்மொழியை நோய்க்கும் பொருத்திப் பேசுதல் நம்மிடையே வழக்கமாயிற்று. சலரோகம், தொய்வு என்பவற்றை முற்றத்திலிருந்தே பேசுகின்றோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்றாலோ குரல் தாழ்ந்துவிடும்.

எம்மிடம் விஞ்ஞானம் பயின்ற பெண்ணொருத்தி சின்னாட்களுக்கு முன் எம்மைக் காண வந்தாள். அவளுடைய தாயார் அந்நோயினால் இறந்தவர். கலியாணம் பேச வந்தோர், "இது குடும்ப வியாதியாமே" என்று கேட்டுச் சென்றனர். பின்னர் மறுமொழி அனுப்பினாரில்லை. "ரீச்சர், அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமோ?" என்றாள் அவள். வெறும் ஆறுதல் கூறி அனுப்ப எமக்கு மனம் வரவில்லை. அவளுக்கு யாம் கூறியவற்றை வாசகர்க்கும் கூற விழைகின்றோம்.

இந்நோய்க்கு முதற்காரணம் பரம்பரையன்று; பாப்பிலோமா என்னும் வைரசே. அதனை நிலைநாட்டிய ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். இவ்வைரசின் வகைகள் பல. அவற்றுள் 16ஆம் 18ஆம் வகைகளே இந்நோயின் நூற்றுக்கு எழுபது பங்கு வரையில் விளைப்பன. மணவாழ்க்கையில் ஈடுபட்டோருட் பெரும்பாலாரை இவ்வைரசு ஒருகால் தொற்றியே செல்கின்றது. ஆகவே நோயுற்றாளின் ஒழுக்கத்தை ஐயுறுதல் அறியாமையும் கொடுமையுமாகும்.

தொற்றியவருட் பெரும்பாலார் ஈராண்டுக்குள் வைரசை வென்றுவிடுகின்றனர். சிலரிடத்தே அது தங்கிவிடுகின்றது. இவ்வேறுபாட்டிலேதான் பரம்பரைக்கும் ஒரு பங்குண்டு. நம் ஆறாவது நிறமூர்த்தத்தில் எச்.எல்.ஏ. எனப்படும் பரம்பரையலகுக் கூட்டம் ஒன்று உளது. அவை ஆக்கும் புரதங்கள், கலத்தினுட் புகுந்த வைரசின் துணுக்குகளைக் கலத்தின் புறத்தே ஏந்திக் காட்டும். அவற்றைக் கண்டே வெண்குழியங்களாகிய காவலர் பகையை அறிவர். ஏந்தும் கை ஆளுக்காள் வேறுபடும். சில வகைகள் இத்துணுக்கை இறுகப் பற்றும், சில நழுவவிடும். டி.ஆர். 13 என்னும் வகையையுடைய பெண்களிடத்து இந்நோய் குறைவாயிருத்தல் பல ஆய்வுகளிற் காணப்பட்டது.

சுவீடன் நாட்டிலே 1999இல் வெளிவந்த குடும்ப ஆய்வொன்று இதற்குச் சான்று. நோயுற்ற பெண்களைப் பெற்ற தாய்மாரிடத்தும் உடன்பிறந்த சகோதரியரிடத்தும் ஆபத்து ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. ஒரே வீட்டில் வளர்த்த தத்துத் தாய்மாரிடத்தோ அத்தகைய ஏற்றம் தெளிவாகக் காணப்படவில்லை. 2013இல் அந்நாட்டு ஆய்வாளர் பரம்பரையலகுகளைத் துருவியபோதும் வேறுபாடுகள் அவ்வாறாம் நிறமூர்த்தத்திலேயே புலப்பட்டன.

அங்ஙனமாயின் மகளின் கதி யாது? இருமடங்கு என்பது விதியன்று. தாயிடமிருந்து மகள் பெறுவது பாதியே. மறுபாதி தந்தை தந்தது. அன்றியும், காவல் தளர்ந்த வீட்டிலும் கள்வன் புகாவிடின் களவில்லை. வைரசு இன்றேல் அந்தப் பரம்பரையலகு இந்நோயைப் பெரும்பாலும் விளைப்பதில்லை. மறுபுறத்தே, 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்க்கும் இல்லை' என்று வாளாவிருப்போர்க்கும் அரணில்லை. நோயுறுவோர் பலர்க்கு அத்தகைய குடும்ப வரலாறே கிடையாது.

வைரசு தங்கிய நாள்தொட்டுப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகள் செல்லும். அவ்விடைக்காலமே நமக்குக் கிடைத்த வரம். நம் நாட்டிலே 2017ஆம் ஆண்டில் இதற்கான தடுப்பூசி ஆறாந்தர மாணவியர்க்கு வழங்கப்படலாயிற்று. முப்பத்தைந்து வயதெய்திய பெண்கள் சுகவனிதையர் நிலையத்திற் பரிசோதனை செய்துகொள்ளலாம். மாறத் தொடங்கிய கலங்களை அப்போதே கண்டு நீக்கினால் புற்று எழாமலே தடுக்கலாம்.

தாய்மாரே, பாடசாலையிலிருந்து தடுப்பூசிக்கான சம்மதக் கடிதம் வருமாயின் அதை மடித்து வைத்துவிடாதீர். சம்பந்தம் பேசுவோரே, இறந்த தாயின் நோயைக் கொண்டு மகளை நிறுக்காதீர். பரம்பரை நமக்குத் தருவது காவலின் ஒரு பாதியே. மறுபாதியை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.