குமரிக் கரையில் புத்தாண்டு

வருஷக் கடைசியில் எங்கேயாவது போய் வரலாம் என்றது என் கணவர். கன்னியாகுமரி என்று முடிவு செய்தது மாமியார். எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தல். ஆவணியில் நடக்க இருந்த மகளின் கல்யாணம், பத்திரிகை அடித்த பிறகு நின்று போயிருந்தது. கல்யாணம் நின்று போன அம்மன் ஊருக்கா அவளைக் கூட்டிப் போவது?

கதை தெரியும்தானே? சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகக் கிளம்பிய சிவன், நாரதர் சேவலாகக் கூவியதும் முகூர்த்தம் தவறிவிட்டதென்று திரும்பிவிட்டார். கல்யாண அரிசியெல்லாம் மணலாகிப் போனதாம். அங்கே கடற்கரை மணல் பல நிறத்தில் இருப்பதற்கு இதைத்தான் காரணம் சொல்வார்கள்.

31-ம் தேதி காலை ரயிலில் போய் இறங்கினோம். அறை பதிவு செய்யாமல் அந்த வாரத்தில் மட்டும் போய்விடாதீர்கள்! படகுக்கே இரண்டு மணி நேரம் வரிசை. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. காலுக்குக் கீழே அலையைப் பார்த்ததும் மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பேத்தி கையைப் பிடித்தபடியே கடந்தார். 133 அடி வள்ளுவர் நின்றதும் ஒரு புத்தாண்டு நாளில்தான், 2000 ஜனவரி 1.

குளிர்கால மாதங்களில் இங்கே சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்கலாம். ஆறு மணி தாண்டி அது இறங்கிக்கொண்டிருந்தபோது, மணல் பாக்கெட் விற்கும் அம்மா எங்களிடம் வந்தார். “வேண்டாம், வேண்டாம்” என்று நான் அவசரமாகத் துரத்த, மகள் காசு கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டாள்.

“நாலு மாசமா வீட்டுல யாரும் கல்யாணம்ங்கற வார்த்தையையே சொல்றதில்ல. எனக்கு அதுதாம்மா கஷ்டமா இருக்கு” என்றாள். அப்புறம் மெதுவாக, “கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு. பொங்கல் முடிஞ்சு சேரணும். ஆர்டர் வந்து ஒரு வாரமாச்சு. சொன்னா அழுவீங்கன்னு சொல்லல.”

அழத்தான் செய்தேன். சூரியன் எப்போது மறைந்தது என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கே கரையில் நிற்க இடமில்லை. போர்வையோடு குழந்தைகள், சுக்குக் காபி, செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள். ஆறரை தாண்டியும் மேகம் விலகவில்லை. பக்கத்தில் ஒருவர், இவ்வளவு தூரம் வந்ததே வீண் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஏழு மணிவாக்கில் மேக ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று தெரிய, கூட்டம் மொத்தமும் ‘ஓ’வென்று கத்தியது. எங்கள் வீட்டில் அதிகம் கத்தியது மாமியார்தான். கத்தி முடித்த கையோடு பேத்தியிடம் கேட்டார்: “அந்த ஹாஸ்டல்ல சாப்பாடெல்லாம் எப்படிடி?”

ஊர் திரும்பும்முன் நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ வாங்கினேன். ஒரு கிலோவைத் தனியாகக் கட்டச் சொன்னேன்.

“கோயம்புத்தூர்லயும் சிப்ஸ் கிடைக்கும்மா” என்றாள் மகள்.

“கிடைக்கட்டும்” என்றேன்.