பின் சீட்டில் அம்மா

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே சஸ்பென்ஷன், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது இடிக்கிற தொகையைத் தூக்கி அதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோமே... அதேதான்.

அப்படிப்பட்டவனை, போன மே மாதம் லீவுக்குக் குளச்சல் போன இடத்தில், கையில் டார்ச்சைக் கொடுத்துக் காருக்குப் பக்கத்தில் குத்த வைத்துவிட்டான் அக்கா மகன்.

அத்தான் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் பையன் வாங்கியது ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபியட் பாலியோ 1.6. இந்தியாவுக்கு 2001-ல் வந்த கார். சுமார் 100 குதிரைச் சக்தி. தயாரிப்பு நின்று வருஷங்களாகிவிட்டன. ஊர் கண்ணுக்குப் பழைய வண்டி. அவன் கண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்ஸார்பரையும் கழற்றிவிட்டு, கூரியரில் வந்த ரேஸ் ரக செட்டை வீட்டு முற்றத்திலேயே மாட்டப் போகிறானாம்.

"மெக்கானிக் கிட்ட விடப்படாதாடே?"

"நம்ம கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வச்சே ரேஸ் கார் செய்யல்லியா மாமா? கூலி 3,000 ரூவா மிச்சம், கேட்டியளா!"

மிச்சம் என்றதும் என் காமர்ஸ் மூளை தலையாட்டிவிட்டது. கரிவரதன் ஃபார்முலா மாருதி செய்தது நிஜம்தான். ஆனால், அவரிடம் இருந்த கருவிகள் எங்களிடம் இல்லை என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

சஸ்பென்ஷன் என்பது என்ன? சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்தும் விடுகிறது. விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவதுதான் ஷாக் அப்ஸார்பர். உள்ளே இருக்கும் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியே நெருக்கியடித்துப் போக, துள்ளல் சூடாக மாறி வெளியேறிவிடுகிறது. ரேஸ் செட்டில் ஸ்பிரிங் குட்டை, விறைப்பும் அதிகம். வளைவில் கார் சாயாது. ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும்.

காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஹாலோ பிளாக் கல்லைக் கொடுக்கப் போனான். "லேய், அது சொல்லாமக் கொள்ளாம உடையும்டே" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம். படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் பாட்டா. கரையில் படகுக்கு அண்டக் கொடுக்கும் கனத்த மரக்கட்டைகளை அவரே தூக்கிவந்து வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல.

உப்புக்காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடந்தது. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊற வைத்து, மறுநாள்தான் கழன்றது. முன் சக்கரத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டாக இருக்கும். அதைப் பிரிக்க வேண்டுமானால், ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, மாற்றி மாற்றி முறுக்கி அமுக்க வேண்டும். நண்பனிடம் இரவல் வாங்கிய கொக்கி. அதுவும் துரு.

அமுக்கினான். மேல் நட்டைக் கழற்றினான். நான் டார்ச் அடித்தேன். ஸ்பிரிங் லேசாக வளைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. சொன்னால் பி.காம் என்று கிண்டலடிப்பானோ என்று பேசாமல் இருந்தேன்.

"கைய எடு! தள்ளிப் போங்கலே!"

பாட்டா போட்ட சத்தத்தில் இருவரும் நாலடி பின்னால் பாய்ந்தோம். கொக்கி வழுக்கியது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஸ்பிரிங் பறந்துபோய்த் தென்னைமரத்தில் அடித்து விழுந்தது. மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை இல்லை. அந்த மரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில்தான் ஒரு நிமிஷம் முன்பு வரை அவன் உட்கார்ந்திருந்தான்.

அடுப்படி வாசலில் அக்கா. கையில் எங்களுக்கான கட்டன்சாயா. ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளர்கள் மட்டும் தட்டில் கிடுகிடுவென்று ஆடின.

3,000 ரூபாய் மிச்சம் என்றேனே... அந்த வரவுக்கு எதிரே என்ன பற்று எழுத இருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மிச்ச வேலையை நாகர்கோவில் பட்டறை ஒன்றில், சுவரோடு பொருத்திய பிரஸ்ஸில் கொடுத்துச் செய்தோம். சில நூறு ரூபாய்தான். வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. பட்டறைக்காரர் கேட்டார், "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டியளா?" பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கம்பெனி வடிவமைப்பை மீறக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எதையும் மாட்டும் முன்பு கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டைக்காடு வரை வெள்ளோட்டம். முன்னால் நாங்கள் இருவர், பின்னால் அக்கா. வளைவில் கார் சாயவே இல்லை. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வேகத்தடை வந்தது. எனக்கே முதுகெலும்பில் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு இடுப்பு வலி வந்து நாலு வருஷமாகிறது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு மக்ளே."

அன்று ராத்திரி வீடெல்லாம் தைல வாசனை. நானும் கவனித்தேன். அவனும் கவனித்தான். யாரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சஸ்பென்ஷன் என்பது ஸ்பிரிங்கும் ஆயிலும் மட்டும் இல்லை. அது ஒரு முடிவு. வண்டி ஓட்டுகிறவனுக்கா, பின்னால் உட்காருகிறவருக்கா என்ற முடிவு. கம்பெனிக்காரன் மெத்தென்ற ஸ்பிரிங்கைப் போட்டது ரேஸ் தெரியாமல் இல்லை. முகம் தெரியாத யாரோ ஒரு அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறான்.

சென்னைக்குத் திரும்பிப் பத்து நாள் இருக்கும். போன் வந்தது.

"மாமா, பழைய ஸ்பிரிங்க எங்க போட்டோம்?"

"பின் ஸ்பிரிங்க மட்டும் எடு. மரத்தில அடிச்சதத் தொடாத. முன்னால ரெண்டுக்கும் ஜோடியா, புதுசா கம்பெனி ஸ்பிரிங் வாங்கு."

"காசு?"

"என் கணக்குல எழுதிக்கோ. பட்டறையில குடுத்து மாட்டுடே. முற்றத்தில வேண்டாம்."