கோடியக்கரையில் தை மாதம்

பொங்கல் லீவுக்கு வேதாரண்யத்து மாமா வீட்டுக்குப் போனால், காணும் பொங்கலன்று கோடியக்கரை நிச்சயம். தூக்குவாளியில் புளிச்சோறு, ஜன்னல் சீட்டுக்கு அண்ணனோடு அடிதடி. அகத்தியம்பள்ளி தாண்டும்போது உப்பளங்களில் கீற்று வேய்ந்து மூடிய உப்பு அம்பாரங்கள் தெரியும். "இங்கதாண்டா ராஜாஜி உப்பு அள்ளுனாரு" என்பார் மாமா, வருஷம் தவறாமல். திருச்சியிலிருந்து நடந்தே வந்து 1930 ஏப்ரல் 30-இல் அள்ளிய உப்பு. தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் மிரட்ட, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். எனக்கு ராஜாஜியைவிட அந்தப் பொட்டலங்களைத்தான் பிடித்தது. புளியமரங்களை அண்ணாந்து பார்த்தபடியே போவேன்.

காட்டுக்குள் மாமா பேசவே விடமாட்டார். புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேயும். பெட்டைகள் வெளிர்பழுப்பு; கிடா மட்டும் முதுகு கறுத்து, முறுக்கிய கொம்போடு தனியாக நிற்கும். நாங்கள் அசைந்தால் போதும், ஒன்று துள்ள, அதன் பின்னே கூட்டம் முழுக்கத் துள்ளும். ஆளில்லாமல் திரியும் மட்டக்குதிரைகளோ எங்களைச் சட்டையே செய்யாது. ராமர் பாதம் இருக்கும் மேட்டில் ஏறி நின்றுதான் ராமர் இலங்கையைப் பார்த்தார் என்பார்கள். அண்ணனும் பார்த்தான், தெரிகிறதென்று சத்தியம் செய்தான்.

பூநாரைகளைப் பார்க்கச் சேற்றில் நடக்க வேண்டும். தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது, கிளம்பிப் பறந்தால் சிறகுக்குள்ளிருந்து சிவப்பு காட்டும். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அவை இரை அரிப்பதை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். காலடியில் உள்ளான்கள் ஓடும். அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை, பாவம்.

அம்மாவுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். 'பொன்னியின் செல்வன்' படித்தவள். கடலோரத்தில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் செங்கல் அடிக்கட்டையைத் தொட்டு, "பூங்குழலியோட அப்பா காத்த விளக்கு" என்பாள். கதை வேறு, கல் வேறு என்று மாமா சொன்னால் கோபம் வரும்.

அந்த அடிக்கட்டையை 2004 டிசம்பர் சுனாமி தகர்த்துவிட்டது. பூங்குழலியைத் தேடி இப்போதும் ஆட்கள் போகிறார்கள். போகிறவர்கள் மார்கழி, தையில் போங்கள், பூநாரைகள் இருக்கும். வழியில் அகத்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணருகே கொஞ்ச நேரம் இறங்குங்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சோற்றுப் பொட்டலக் கதையையும் சொல்லுங்கள்.